மூக்கு நீண்ட லாரிகள்

நேற்று முக்கோலையில் பஸ் கால்மணி நேரம் நின்றுவிட்டது. விழிஞ்ஞம் துறைமுகத்திலிருந்து வந்த ட்ரெய்லர் ஒன்று, நாற்பதடிக் கன்டெய்னரைச் சுமந்துகொண்டு, வளைவில் திரும்ப முடியாமல் முன்னும் பின்னுமாக நகர்ந்துகொண்டிருந்தது. பஸ்ஸில் எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். நான் மட்டும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அதன் சக்கர அச்சுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். “சேச்சி, தல அகத்து இடணும்” என்றார் கண்டக்டர். தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன். அதற்குள் எண்ணி முடித்திருந்தேன்.

எனக்கு விழிஞ்ஞத்தில் ஒரு வேலையும் கிடையாது. ஓய்வு பெற்று ஒரு வருஷமாகிறது. மாதத்துக்கு இரண்டு முறையாவது மீன் வாங்கப் போகிறவளைப்போல அந்தப் பக்கம் போய் வருகிறேன். கரமனை அக்கிரகாரத் தெருக்காரி, மீனைத் தொட்டதுகூட இல்லை. லாரி பார்க்கப் போகிறேன், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல போனில் கிட் விற்கும் கடைகளைத் திறந்தேன். கிட் என்றால், பிளாஸ்டிக் பாகங்களாக ஒரு பெட்டியில் வரும். நாம் வெட்டி, தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்து வண்டியாக்க வேண்டும். நிஜ வண்டியின் நீளத்தை இருபத்துநாலாகப் பிரித்தால் வரும் அளவு. கார் என்று தேடினால் விரல் வலிக்கும்வரை தள்ளலாம், கார்களாகவே வந்துகொண்டிருக்கும். போர் விமானம் கேட்கவே வேண்டாம். லாரி என்று தேடினால் மூன்று. அதில் இரண்டு என்னிடம் இருக்கின்றன. மூன்றாவதற்குக் கீழே ‘ஸ்டாக் இல்லை’. என் அலமாரியில் ஏற்கெனவே முப்பத்தொரு லாரி நிற்கிறது, போதாதா என்று கேட்பீர்கள். பட்டுப்புடவை வைத்திருக்கிறவர்களிடம் போய் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

இந்தத் தகராறு எனக்கும் உலகத்துக்கும் முப்பது வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. கிட் ஒட்டும் பசையின் வாசனை தெரியுமா? நகச்சாயம் அழிக்கும் திரவத்தைச் சூடான தகரத்தில் கொட்டினதுபோல இருக்கும். அந்த மூடியைத் திறந்தால் எனக்கு இருபத்தாறு வயது திரும்பி வந்துவிடும். கூடவே அந்த வயதின் கோபமும்.

அப்போது நான் ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வாகன விபத்துப் பிரிவில் இருந்தேன். அப்பா இல்லை. கரமனை வீட்டில் அம்மாவும் நானும். காலையில் மேஜையில் உட்கார்ந்தால் நசுங்கின லாரிகளின் போட்டோக்கள்தான். கூடவே சர்வேயர் எழுதின அறிக்கை: ரேடியேட்டர் மாற்ற வேண்டும், முன் அச்சு வளைந்தது, கியர்பெட்டி உறை விரிசல். மற்றவர்கள் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். நான் ஒவ்வொரு வரியாகப் படிப்பேன். ஆறு மாதத்தில் லாரியின் உடம்பு முழுக்க எனக்குப் பாடமாகிவிட்டது. ஓட்ட மட்டும் தெரியாது. இன்றைக்கும் தெரியாது, சைக்கிளே தகராறு.

ஓவர்பிரிட்ஜ் பக்கத்துச் சந்தில் ஜார்ஜ் சேட்டன் ஒரு கடை வைத்திருந்தார். பட்டம், கேரம் போர்டு, சதுரங்கம், பின்னால் ஒரு அலமாரியில் வெளிநாட்டுக் கிட்டுகள். அந்த அலமாரியின் மேல்தட்டில் அதைப் பார்த்தேன். பெட்டிமேல் படம்: சிவப்பு லாரி, அமெரிக்காவில் ஓடுகிற வகை. டிரைவருக்கு முன்னால் இன்ஜினை மூடி நீண்ட ஆளுயர மூக்கு, இரண்டு பக்கமும் வானத்தைப் பார்த்த புகைக்குழாய்கள், முதுகுப்பக்கம் டிரைவர் படுத்துத் தூங்க ஓர் அறை. வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவர் யாரோ சொல்லி வைத்துவிட்டு வாங்காமல் போய்விட்டாராம். வெயில் பட்டுப் பெட்டியின் ஒரு பக்கம் வெளுத்திருந்தது. விலையை நான் அம்மாவிடமே சொல்லவில்லை, உங்களிடம் எதற்கு?

சமையலறை மேடையில் வைத்து ஒட்டினேன். பாகங்களை வெட்ட நகவெட்டி. தேய்க்க உப்புத்தாள். குரோம் பளபளப்புக்கு சாக்லேட் சுற்றி வரும் காகிதம். முன்கண்ணாடியில் என் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்துவிட்டது. போலீஸ் வந்தால் தப்பிக்க முடியாது. ஆனால் ஆறு வாரம் கழித்து அதைத் தரையில் விட்டு ஒரு விரலால் தள்ளினபோது பத்துச் சக்கரமும் உருண்டன. அதுவரை நான் முழுதாகச் செய்து முடித்த ஒரே பொருள் அதுதான். பின்னின ஸ்வெட்டர்கூட ஒரு கையோடு நின்றுபோயிருந்தது.

இன்னொன்று வேண்டும் என்று போய் நின்றேன். ஜார்ஜ் சேட்டன் சிரித்தார்.

“லாரி ஆரு வாங்கும் மோளே? விமானம் வேணெங்கில் பறயூ, நாளைக்கே வரும். இல்லெங்கில் ரேஸ் கார்.”

“எனக்கு லாரிதான் வேணும் சேட்டா.”

“லாரி வெளியில எத்தனை வேணெங்கிலும் ஓடுதே.”

விமானமும்தான் சங்குமுகத்துக்கு மேலே பறக்கிறது, அதை மட்டும் ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் பம்பாய் மொத்த வியாபாரிக்கு எழுதிப் பார்த்தார். லாரி போணியாகாது என்று பதில் வந்தது. நான் விடவில்லை. பெட்டியின் பக்கவாட்டில் இருந்த கம்பெனி விலாசத்துக்கு நானே இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினேன். ஆபீஸ் டைப்ரைட்டரில்தான், மதிய இடைவேளையில்தான், அதனால் பாவம் பாதி. நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. ‘அன்புள்ள ஐயா’ என்று ஆரம்பித்தது. லாரி கிட்டுகளைக் குறைத்துவருகிறார்களாம். ஐயாவின் ஆர்வத்துக்கு நன்றியாம். கூட ஒரு பழைய கேட்டலாக். அதில் இருபது லாரிகள், ஒன்றும் கிடைக்காது. ஐயா அதைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்கினாள்.

கிடைக்காவிட்டால் போங்கள், நானே செய்துகொள்கிறேன் என்று தோன்றியது அப்போதுதான். அமெரிக்க லாரி எதற்கு? நம் ஊரிலும் மூக்கு நீண்ட லாரிகள் அப்போது மிச்சமிருந்தன. சாலைக் கடைத்தெருவுக்குக் காய்கறி கொண்டுவரும் கிழட்டு வண்டிகள். விளம்பரப் பலகை செய்கிறவரிடம் மெல்லிய பிளாஸ்டிக் தகடு வாங்கினேன். அளவு வேண்டுமே. ஒரு இரண்டாம் சனிக்கிழமை, ஆபீஸ் லீவு, தையல் டேப்பும் நோட்டுமாகக் கடைத்தெருவுக்குப் போனேன்.

மத்தியான நேரம். வள்ளியூரிலிருந்து வாழைக்காய் கொண்டுவந்த ஒரு பச்சை லாரி சரக்கிறக்கிவிட்டு நின்றிருந்தது. நான் மூக்கை அளந்துகொண்டிருந்தபோது டிரைவர் டீ கிளாஸோடு வந்து நின்றார். சுடலைமுத்து என்று பெயர்.

“என்ன தாயி, வண்டிக்குச் சட்டை தைக்கப் போறியளா?”

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதுதான் முக்கியம். டீயைக் கீழே வைத்துவிட்டு டேப்பின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டார். கதவு, படி, பின்சட்டம் எல்லாம் எழுதியாயிற்று.

“மேல அளந்தா மட்டும் போதுமா? சேசு கீழல்லா கெடக்கு” என்றார். வண்டியின் அடிச்சட்டத்தைச் சொல்கிறார். ஒரு சாக்கை உதறி லாரிக்கு அடியில் விரித்தார். “பயப்படாதிய. சக்கரத்துக்குக் கட்டை வச்சிருக்கேன்.”

படுத்தேன். நல்ல சுரிதார்தான், போனால் போகட்டும். போட்டோவிலும் அறிக்கையிலும் பார்த்த எல்லாம் என் முகத்துக்கு ஒரு முழம் மேலே இருந்தன: சக்கரத்தைச் சுழற்றும் தண்டு, வில்பட்டைகள், எண்ணெய் கசிந்து மண் ஒட்டின அச்சு. ஒவ்வொன்றாக அளவைச் சத்தமாகச் சொன்னேன், வெளியே உட்கார்ந்து அவர் எழுதிக்கொண்டார். அவர் எழுத்தில் அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆறு என்ற எண்ணை இடம் வலமாகத் திருப்பி எழுதுவார்.

அரைமணி நேரம் கிடந்திருப்பேன். என் சந்தோஷங்களில் ஒன்று அது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் கால்களைப் பார்த்துக்கொண்டு யார் போனார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

எனக்கு முன்னால் செய்தி வீட்டுக்குப் போயிருந்தது. வலியசாலையில் ஒரு குடும்பத்தில் எனக்கு வரன் பேசி முடிவாகும் நேரம். பையன் பெயர் மணி, பாலிடெக்னிக்கில் பாடம் எடுப்பவர். இரண்டு முறை பேசியிருந்தோம். எனக்கு அவரைப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவருடைய சித்தப்பா கடைத்தெருவில் புடலங்காய் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

“லாரிக்கு அடியில படுத்துண்டிருந்தியாமே” என்றாள் அம்மா. கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “எல்லாம் கூடி வர்ற நேரத்துல ஏண்டி இப்படிப் பண்றே?”

அடுத்த வாரம் மணியின் அம்மா வந்தார். நல்ல மனுஷி. காபியைக் குடித்துவிட்டு, கூடத்து அலமாரியில் இருந்த சிவப்பு லாரியை, உறங்குகிற பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“தப்பா ஒண்ணும் சொல்லலை கேட்டேளா. கல்யாணத்துக்கு அப்புறம் இதெல்லாம் விட்டுடுவாளோல்லியோ?”

அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. ஒரு தலையசைப்பு கேட்டாள், வேறொன்றும் கேட்கவில்லை. தனியாக என்னைப் படிக்க வைத்து, இந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்தவள்.

“விட மாட்டேன் மாமி” என்றேன். “இன்னும் நெறைய வாங்கணும்.”

மாமி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து, அம்மாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனார்.

மறுநாள் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் மணி நின்றிருந்தார்.

“எனக்கு லாரி ஒரு பிரச்சினையே இல்லை. அம்மா முன்னாடி சும்மா ஒரு தடவை தலையாட்டியிருக்கலாம். அப்புறம் என்ன வேணும்னாலும் பண்ணியிருக்கலாமே.”

“அன்னிக்கு ஆட்டினா, அப்புறம் எல்லாத்துக்கும் ஆட்டணும்.”

“பிளாஸ்டிக்குக்காகவா?”

ஆமாம் என்றேன். கரமனை வழியாகப் போகும் பஸ் வந்தது, ஏறிவிட்டேன். அழவில்லை என்று எழுத ஆசைதான். அழுதேன், கைமனம் வரைக்கும். இறங்க வேண்டிய கரமனை எப்போதோ தாண்டிப்போயிருந்தது.

அம்மா பதினோரு நாள் பேசவில்லை. சாப்பாடு வைப்பாள், தட்டை எடுப்பாள். நான் பிடிவாதமாக அதே கூடத்தில் உட்கார்ந்து பிளாஸ்டிக் தகட்டை வெட்டிக்கொண்டிருந்தேன். சட்டம், அச்சு, மூக்கு என்று பச்சை லாரி கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தது. பன்னிரண்டாம் நாள் காலையில் அம்மா அலமாரிக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தாள். முந்தானையால் சிவப்பு லாரியின் மூக்கைத் துடைத்தாள்.

“இதுக்கு ஒரு கண்ணாடிக் கதவு போட்டா தூசி விழாது” என்றாள். “ஆசாரியை வரச் சொல்லட்டுமா?”

மன்னிப்பு, ஆசீர்வாதம் ஒன்றும் அதில் கிடையாது. ஆசாரி வந்தார், கதவு போட்டார். அதற்குப் பிறகு வரன்கள் வந்தன, போயின. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்கு லாரிதான் காரணம் என்று தெருவில் சொன்னார்கள். லாரி பாவம், காரணம் நான்தான்.

இப்போது அந்தச் சந்தில் ஜார்ஜ் சேட்டன் கடை இல்லை. போனுக்கு உறை விற்கிறார்கள். அவரை மகன் ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். மூக்கு நீண்ட நம் லாரிகள் ஒவ்வொன்றாகக் காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்தன. சுடலைமுத்துவை அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நான்கைந்து முறை பார்த்திருப்பேன். ஒரு வருஷம் அவர் வரவில்லை, அடுத்த வருஷமும் வரவில்லை. அம்மா போய் ஒன்பது வருஷம். வலியசாலை மாமியும் இல்லை.

மாடியில் ஐ.டி. வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் குடியிருக்கிறார்கள். தங்கமான பிள்ளைகள். அலமாரியைப் பார்த்ததும் “சோ க்யூட் ஆன்ட்டி” என்று போட்டோ எடுத்தார்கள். இப்போதெல்லாம் வருகிறவர்கள் அத்தனை பேரும் அதைத்தான் சொல்கிறார்கள். யாரும் முகம் சுளிப்பதில்லை. எதற்கு இதெல்லாம், எப்போது விடுவாய் என்று கேட்பதில்லை. கேட்டால் சொல்ல என்னிடம் இன்னும் அதே பதில் தயாராக இருக்கிறது.

மாமிக்கும் அம்மாவுக்கும் அது க்யூட் இல்லை. ஒன்றரைச் சாண் பிளாஸ்டிக், ஒரு பெண்ணை வீட்டை விட்டே வேறு எங்கோ ஓட்டிக்கொண்டு போய்விடும் என்று அவர்கள் மனதார பயந்தார்கள். என் லாரிகளுக்கு அவ்வளவு மரியாதை கொடுத்தவர்கள் அவர்கள்தான். அந்த பயத்தோடு என் கூடத்துக்குள் வந்து நிற்க இப்போது ஒருவரும் இல்லை.