தாண்டவராயனின் துணி பூட்ஸ்

தாண்டவராயன் முதன்முதலாகக் கால்சட்டை போட்டது ஒரு புளியமரத்துக்குப் பின்னால். ஜமுனாமரத்தூர் சந்தையில் தையல்காரர் பழனி அந்த மரத்தடியில்தான் மிஷின் போட்டிருப்பார். போட்டுப் பார்க்கிறவர்களுக்காக ஒரு பழைய போர்வையைக் கிளையில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். போர்வைக்குள் வேட்டியோடு போனவர் வெளியே வந்தபோது, தன் உடம்பை யாரோ இரவல் வாங்கிக்கொண்டு நடப்பதுபோல் இருந்தது என்று பிற்காலத்தில் சொல்வார். அவர் என்னிடம் சொன்ன வரிசையிலேயே சொல்லப் பார்க்கிறேன். எங்காவது பிசகினால் பிழை என்னுடையது.

அது 1961, மே மாதம். தாண்டவராயனுக்கு இருபத்திரண்டு வயது. மலையில் சாமை விதைத்து, கடுக்காய் பொறுக்கி வாழ்ந்த குடும்பம். போளூரில் விடுதியில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தார். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு ஒன்பது இடங்களுக்கு விண்ணப்பம் எழுதினார். எட்டு இடங்களிலிருந்து பதிலே இல்லை. ஒன்பதாவது, வாணியம்பாடியில் தோல் வியாபாரிகள் சேர்ந்து நடத்திய ஒரு நிதிச் சங்கம். அதன் செயலாளர் சத்தார், என் அம்மாவின் அண்ணன். மாமு எழுதிய கடிதத்தில் இரண்டே வரிகள்: ஜூன் மூன்றாம் தேதி, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எழுத்தராக வந்து சேரவும். ஆபீசுக்குத் தகுந்த உடையில் வரவும்.

முதல் வரி எல்லாருக்கும் புரிந்தது. இரண்டாவது வரிதான் யாருக்கும் புரியவில்லை. தகுந்த உடை என்றால் என்ன? ஊரில் ஆபீஸ் பார்த்தவர் ஒருவரும் இல்லை. இந்த ஒரு வரியில் தவறினால் இருக்கிற ஒரே வேலையும் போய்விடும் என்று தாண்டவராயன் கடிதத்தை மடித்து மடித்துப் பார்த்தார். மடிப்பில் அது கிழியவே ஆரம்பித்துவிட்டது.

"காக்கி போடு, அழுக்கு தெரியாது" என்றார் பழனி.

தாண்டவராயனின் அம்மா மாதம்மாள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். "காக்கியா? இவன் காக்கில மலையேறி வந்தான்னா பாரஸ்டுகாரன்னு நெனச்சிக்கினு ஊரே தேன் சட்டிய தூக்கிக்கினு ஓடிப்பூடும்."

"அப்ப வெள்ள?"

"ஓட்டு கேக்கவா போறான்?"

"கறுப்பு?"

"வக்கீலுக்கா படிச்சிருக்கான்? நீ ஒண்ணு."

பழனி துணிக்கட்டின் அடியிலிருந்து சாம்பல் நிறத்தை இழுத்தார். மாதம்மாள் அதை விரலில் தேய்த்துப் பார்த்தார். "அடுப்புச் சாம்பலாட்டம் கீது. இதான் சரி. எவன் கண்ணும் படாது."

சாம்பல் நிறத்தில் இரண்டு கால்சட்டை, முழுக்கை வெள்ளைச் சட்டை இரண்டு. வீட்டுக்குக் கொண்டுவந்து துவைத்து வேலியில் காயப்போட்டார்கள். காலையில் பனிமூட்டம் வந்து சட்டைக்குள் புகுந்துகொண்டது. கைகள் லேசாக உப்பி, மார்பு நிறைந்து, தலையில்லாத ஒரு எழுத்தர் வேலி ஓரம் நின்று யாருக்கோ காத்திருப்பதுபோல் இருந்தது. தாண்டவராயன் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் எந்த ஆபீசுக்கும் பயப்பட மாட்டான் என்று தோன்றியது.

அடுத்தது பூட்ஸ். மலைக்குக் கீழேயிருந்து ஜப்பார் என்ற வியாபாரி சந்தைதோறும் வந்து கோணியை விரித்துச் செருப்பும் பூட்ஸும் அடுக்குவார். கறுப்புத் தோல் பூட்ஸ் ஒன்றைத் தாண்டவராயன் கையில் எடுத்தார். உள்ளே மூக்கை வைத்தால் ஒரு கசப்பு வாசனை. அந்த வாசனை அவருக்குப் பழக்கமானதாகத்தான் இருந்தது. எங்கே பழகியது என்று மட்டும் பிடிபடவில்லை.

"ஆட்டுத் தோலா, மாட்டுத் தோலா?" என்று கேட்டார் மாதம்மாள்.

"நான் விக்கிறவன்மா. மேய்ச்சவன் இல்ல" என்றார் ஜப்பார்.

மாதம்மாள் சிரிக்கவில்லை. அவர்கள் வீட்டின் உள்மூலையில் விதைச் சாமைக் கூடையும் சாமிச் சட்டியும் இருந்தன. அந்த வாசற்படியை அதுவரை தோல் எதுவும் தாண்டியதில்லை. வாங்கத் தடையில்லை, ஆனால் பூ கேட்டுவிடலாம் என்றார். ஜப்பார், "கேட்டுட்டு வாங்க, பூட்ஸு எங்கயும் ஓடாது" என்று அதைத் தனியாக எடுத்து வைத்தார்.

பூ கேட்பது அவர்கள் பக்கத்து வழக்கம். காளியம்மன் கல்லை நீரால் நனைத்து வலத்தோளில் ஒன்று, இடத்தோளில் ஒன்றாக அரளிப்பூ ஒட்டிவைப்பார்கள். வலப்பூ முதலில் விழுந்தால் சரி, இடப்பூ விழுந்தால் கூடாது. கேள்வியை வாய்விட்டுச் சொல்லக்கூடாது, மனசுக்குள்ளேயே கேட்க வேண்டும். மாதம்மாள் கண்ணை மூடிக்கொண்டு உதடு அசையாமல் கேட்டார். பிறகு இருவரும் உட்கார்ந்தார்கள். மதியம் சாய்ந்தது. மேகம் ஒன்று இறங்கி வந்து கல்லை மறைத்தது, விலகியது, மறுபடி மறைத்தது. தாண்டவராயனுக்கு உறக்கமா விழிப்பா என்று தெரியாத ஒரு நிலை. அதில் வேலிச்சட்டை எழுந்து வந்து அவர் பக்கத்தில் குந்தி, அதுவும் பூவையே பார்த்துக்கொண்டிருந்தது.

மேகம் விலகியபோது இடப்பூ தரையில் கிடந்தது.

"ஆவாது" என்றார் மாதம்மாள். தலையில் துணியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். தாண்டவராயனும் மேலே எதுவும் கேட்கவில்லை.

அடுத்த சந்தைக்கு அவர் தனியாகப் போனார். சாமி தோல் கூடாது என்றதைக் கேட்டு ஜப்பார் தாடியைச் சொறிந்தார். "தோல்தானே கூடாது? துணி கூடும்ல?" என்று கோணிக்கடியிலிருந்து வெள்ளைக் கான்வாஸ் பூட்ஸை எடுத்தார். மேலே துணி, கீழே ரப்பர். போட்டு நடந்தால் சத்தமே இல்லை. கால் தரையில் படுகிறதா என்றே சந்தேகம் வந்தது. சாமிக்கும் குறையில்லை, ஆபீசுக்கும் குறையில்லை என்று தாண்டவராயன் மகிழ்ந்துபோனார். வீட்டில் மாதம்மாள் பார்த்துவிட்டு, "கொக்கு கணக்கா கீது" என்று மட்டும் சொன்னார்.

ஜூன் இரண்டாம் தேதி விடியலில் இறங்கினார். உடையை மூட்டையாகத் தலையில் வைத்து, பூட்ஸை நாடாவால் கழுத்தில் கட்டிக்கொண்டு, ஆலங்காயம் பாதையில் வெறுங்காலோடு நடந்தார். பனிக்குள் மலை இல்லை, மரம் இல்லை, மார்பில் மாறிமாறித் தட்டும் இரண்டு வெள்ளைப் பூட்ஸ்கள் மட்டும். அவை முன்னால் போக அவர் பின்னால் போவதுபோல் இருந்ததாம்.

மறுநாள் ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் சங்கத்தின் படியேறினார். மூத்த எழுத்தர் மக்பூல் வாசலிலேயே மறித்தார்.

"பந்து எங்க தம்பி?"

"இன்னா பந்துங்க?"

"வெளயாடத்தானே வந்துக்கிற?"

உள்ளே நாலைந்து பேர் சிரித்தார்கள். தாண்டவராயன் குனிந்து பார்த்தார். நாற்காலிகளுக்குக் கீழே கறுப்பும் பழுப்புமாகத் தோல், தோல், தோல். நடுவில் அவருடைய கால்கள் மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி.

சத்தார் மாமுவை நான் நன்றாக அறிவேன். ஆள் வந்தால் முதலில் காலைப் பார்ப்பார். முகம் பிறகுதான். அவருடைய பூட்ஸின் பளபளப்பில் உத்தரத்து மின்விசிறி சுற்றுவது தெரியும். மூன்று தலைமுறையாகத் தோல் வியாபாரம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"தம்பி, உன் கையெழுத்து முத்து முத்தா இருக்குது. அதப் பாத்துத்தான் கூப்டேன். இது இன்னா இது?"

"பூட்ஸுங்க பாய்."

"அது தெரியுது. இந்தச் சங்கத்துல இருக்குறவங்க மொத்தமும் தோலுக்காரங்க. நாளைக்கு ஒருத்தர் உன் மேசைக்கு எதிர்ல வந்து உக்கார்றாரு. கீழ பாக்குறாரு. துணி! இன்னா நெனப்பாரு? இவங்களுக்கே தோல் மேல நம்பிக்க இல்லன்னு நெனப்பாரா, மாட்டாரா?"

தாண்டவராயனுக்குக் காளியம்மனைப் பற்றிச் சொல்ல வாய் வரை வந்தது. மக்பூல் பக்கத்தில் நின்றார். சொல்லவில்லை.

"அடுத்த சனிக்கிழம தோல் பூட்ஸோட வா. இல்லன்னா கோச்சிக்காத, நான் வேற ஆள பாத்துக்குறேன்."

அந்த வாரம் முழுக்க அவர் கணக்கேடுகளைப் பிரதி எடுத்தார். ஒரு கோடுகூடக் கோணவில்லை. ஆனால் எழுந்து நடந்தாலே மக்பூல் தாழ்ந்த குரலில் "கோல்!" என்பார். மாலையில் பாலாற்று மணலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார். எதிரே ஜவ்வாது மலை நீலமாகக் கிடக்கும். அதன் உச்சியில் எங்கோ நனைந்த ஒரு கல், கீழே விழுந்த ஒரு பூ. இங்கே மேசை, மை, பச்சை அட்டை போட்ட ஏடுகள். கண்ணை லேசாக மூடினால் மலையும் மேசையும் ஒன்றின்மேல் ஒன்று படியும். திறந்தால் இரண்டும் தனித்தனி.

சங்கத்துக்குப் பக்கத்தில் துரைக்கண்ணு என்ற பூட்ஸ் தைப்பவர் இருந்தார். புதன்கிழமை தாண்டவராயன் அவர் கடைக்குள் போய் நின்றார். துரைக்கண்ணு செய்தித்தாளை விரித்து அதன்மேல் காலை வைக்கச் சொல்லிப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டார்.

"இன்னாப்பா, கட்ட வெரலு தனிக்குடித்தனம் போய்ட்ட மாதிரி இருக்குதே!"

"மலையேறுற காலுங்க."

"தெரியுது. செய்யட்டா?"

"வீட்டுல கேட்டுட்டு சனிக்கிழம காலைல சொல்றேங்க."

"அதுக்குள்ள நான் செஞ்சுடுவேன். நீ வாங்கலன்னா இந்த அகலக் கால வேற எவன் தலையில கட்டுறது? பாத்துச் சொல்லு."

சங்கத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வியாழன் மாலை ஆலங்காயம் போய்த் தங்கி, விடியலில் மலையேறினார். வழியெல்லாம் மனசுக்குள் ஒரே கணக்கு. தோல் போட்டால் சாமி குற்றம். போடாவிட்டால் வேலை இல்லை. பத்தாவது விண்ணப்பத்தை யாருக்கு எழுதுவது?

மாதம்மாள் வாசலில் கடுக்காயைக் காயவைத்துக்கொண்டிருந்தார். மகனின் முகத்தைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். தாண்டவராயன் எல்லாவற்றையும் சொன்னார். பந்து, துணி, சனிக்கிழமைக் கெடு, பென்சில் கோடு, எதையும் விடவில்லை. கடைசியில், "சாமி ஆவாதுன்னு சொல்லிட்டதே, நான் இன்னா பண்றது?" என்றார்.

"இன்னாத்த ஆவாதுன்னு சொல்லிச்சு?"

"தோலு போடக் கூடாதுன்னு."

மாதம்மாள் இடுப்பில் கை வைத்தார். "அட கிறுக்கா! இது வூட்டுக்குள்ள வரலாமான்னு கேட்டேன். அதுக்குத்தான் சாமி ஆவாதுன்னு சொல்லிச்சு. நீ கீழ இன்னாத்த மாட்டிக்கினு சுத்துறேன்னு நான் ஏன் சாமிய தொந்தரவு பண்றேன்?"

"நீ ஒண்ணுமே சொல்லலியே!"

"நீ கேட்டியா? வெள்ளயா ஒண்ணு வாங்கியாந்த. ஆசப்பட்டு வாங்கிக்கினேன்னு நெனச்சேன்." குனிந்து ஒரு கடுக்காயை எடுத்துக் காட்டினார். "இத பொறுக்கி மூட்ட மூட்டயா யாருக்குடா குடுக்குறோம்? அவங்க தோல் ஊறுறது இதுலதான். அதுக்கு சாமி இன்னி வரிக்கும் ஒண்ணும் சொல்லல."

ஜப்பாரின் பூட்ஸுக்குள் அடித்த கசப்பு வாசனை எதுவென்று தாண்டவராயனுக்கு அப்போதுதான் பிடிபட்டது. கடுக்காய். தன் வீட்டு வாசனையையே அவர் முகர்ந்திருக்கிறார்.

"அப்ப போட்டுக்கவா?"

"போட்டுக்க. கீழயே போட்டுக்க, கீழயே வுட்டுட்டு வா. இங்க தூக்கியாந்தா மட்டும் பாரு."

அன்று மதியமே மலையிறங்கினார். சனிக்கிழமை எட்டு மணிக்குத் துரைக்கண்ணு கடையைத் திறந்தபோது வாசலில் நின்றுகொண்டிருந்தார். பூட்ஸ் தயாராக இருந்தது. முன்பக்கம் அகலமாக, கொஞ்சம் வாத்து மாதிரி. கால் உள்ளே போனதும் கட்டை விரலுக்கு உட்கார இடம் இருந்தது. இரண்டடி வைத்தார். கிறீச், கிறீச் என்று பேசியது.

"புதுசுன்னா அப்படித்தான் கத்தும்" என்றார் துரைக்கண்ணு.

சங்கத்துக்குள் அவர் நுழைவதை எல்லாரும் காதால்தான் முதலில் அறிந்தார்கள். மக்பூல் ஏட்டிலிருந்து தலையைத் தூக்கினார். சத்தார் மாமு வழக்கம்போல் கீழிருந்து ஆரம்பித்தார். அகலமான முனையைப் பார்த்தார், தையலைப் பார்த்தார். இருக்கையிலிருந்து எழுந்து வந்து குனிந்து, ஒரு விரலால் தோலை அழுத்தியே பார்த்துவிட்டார்.

"நல்ல பதம். யாரு செஞ்சது?"

"துரைக்கண்ணுங்க பாய்."

"ம். போய் உக்காரு. இனிமே முகத்த பாத்துப் பேசுறேன்."

அந்தச் சங்கத்தில் தாண்டவராயன் இருபத்தொன்பது வருஷம் வேலை பார்த்தார். பிற்காலத்தில் மக்பூலின் இடத்துக்கே வந்தார். எத்தனையோ ஜோடி தேய்ந்து மாறின. ஒரு ஜோடிகூட மலையேறவில்லை. வியாழன் மாலைதோறும் துரைக்கண்ணு கடைப் பலகையில் விட்டுவிட்டு வெறுங்காலோடு கிளம்புவார். துரைக்கண்ணு காலமான பிறகு அவர் மகன் அதே பலகையில் இடம் ஒதுக்கிவைத்தார்.

ஆனால் தோல் பூட்ஸ் போட்ட அந்த முதல் வாரம் முடிந்து ஊருக்குப் போனதைத்தான் அவர் அதிகம் பேசுவார். வெள்ளிக்கிழமை காலை, பனி இன்னும் எழவில்லை. சாமைக் கொல்லையின் ஓரத்தில் மாதம்மாள் நின்றுகொண்டு, மகன் வருவதைத் தூரத்திலிருந்தே பார்த்திருக்கிறார். வெறுங்கால்தான். நடை மட்டும் பழைய நடை இல்லை. பாதத்தைப் பலகைபோல் தூக்கித் தூக்கி வைத்து, குதிகாலை முதலில் ஊன்றி, ஏதோ சத்தம் வரும் என்று எதிர்பார்க்கிறவர்போல் வந்துகொண்டிருந்தார்.

"இன்னாடா இது, நடை?"

"பூட்ஸு போட்ட காலும்மா."

"அத கீழயே வுட்டுட்டு வரச் சொன்னேனே!"

"வுட்டுட்டுத்தாம்மா வந்தேன்."

மாதம்மாள் அவர் கால்களைப் பார்த்தார். சுற்றிப் பின்னால் போயும் பார்த்தார். பிறகு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, பனிக்குள் நின்று, வெகுநேரம் சிரித்தார்.