பல்பு இல்லை, குவார்ட்ஸ்

யாராவது "கிட்டத்தட்ட" என்று சொன்னால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். மணி கிட்டத்தட்ட நாலு, தூரம் கிட்டத்தட்ட பத்து மைல். தெரியாது என்று சொல்லிவிட்டுப் போகலாமே, எதற்கு இந்தக் கிட்டத்தட்ட? இந்தக் குணத்தால் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. அதில் ஒன்றைத்தான் எழுதுகிறேன். மற்றவற்றை என் மனைவியிடம் கேட்டால் மூச்சு விடாமல் சொல்வாள்.

அறுபதுகளின் கடைசியில் நான் கோலார் தங்க வயலில், பூமிக்குக் கீழே ஒரு பம்பு அறையில் எலக்ட்ரீஷியன். ஷிஃப்ட் முடிந்து மேலே வந்தால், ஊரிகத்தில் தகரக் கூரை போட்ட லைன் வீட்டில், லைசென்ஸ் வாங்கிய அமெச்சூர் ரேடியோக்காரன். மற்ற ரேடியோக்காரர்களுக்குப் பேச்சில் ருசி. அவரவர் ஊரில் மழையா வெயிலா என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். எனக்கு அதெல்லாம் வேண்டாம். வருகிற சிக்னல் நொடிக்கு எத்தனை சைக்கிள், அதாவது எத்தனை முறை அதிர்கிறது என்று கடைசி இலக்கம் வரை அளந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

அளப்பதற்கு என்னிடம் இருந்த அளவுகோல் ஒரு கிரிஸ்டல். பெங்களூரில் பழைய ராணுவச் சாமான் விற்கும் இடத்தில் வாங்கியது. ரேடியோ வால்வு போன்ற கண்ணாடிக் குப்பி. காற்றை உறிஞ்சி மூடிய அந்தக் குப்பிக்குள் மெல்லிய குவார்ட்ஸ் தகடு ஒன்று நிற்கும். மின்சாரம் தொடுவதற்காக அதன் இரு பக்கமும் தங்கம் பூசியிருக்கும். கரண்ட் கொடுத்தால் அந்தத் தகடு நொடிக்கு ஒரு லட்சம் முறை அதிரும், அதிர வேண்டும். உண்மையில் லட்சம்தானா என்று பார்க்க டில்லி இருந்தது. அங்கிருந்து நொடிக்குச் சரியாக ஒரு கோடி சைக்கிளில் ஒரு சிக்னல் அனுப்புவார்கள். என் லட்சத்தை நூறால் பெருக்கி அதன் பக்கத்தில் வைத்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் காதில் ஏறி இறங்கும் ஓசையாகக் கேட்கும். நொடிக்கு ஒரு முறை ஏறி இறங்கினால் என் அளவுகோல் கோடியில் ஒன்று தப்பு என்று அர்த்தம். ஸ்டாப்வாட்சைக் கையில் பிடித்துக்கொண்டு எண்ணுவேன்.

வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் அமெச்சூர்காரர்களுக்குள் ஒரு போட்டி நடக்கும். ஒருவர் எவ்வளவு என்று சொல்லாமல் ஒரு அளவில் சிக்னல் அனுப்புவார். மற்றவர்கள் அளந்து, எண்ணைக் கார்டில் எழுதி அன்றைக்கே தபாலில் போட வேண்டும். பிறகு யார் எத்தனை சைக்கிள் தப்பு என்று அச்சடித்து எல்லோருக்கும் அனுப்புவார்கள். அந்த வருஷம் நான் முப்பத்தொரு சைக்கிள் தப்பு. மதராஸ்காரர் ஒருவர் தப்பே இல்லை. ஏன் இருக்கும்? அவர் வேலை பார்க்கும் இடத்தில் ஃப்ரீக்வென்சி கவுண்டர் இருந்தது. பொத்தானை அழுத்தினால் எண்கள் வரிசையாக ஒளிரும், பார்த்து எழுதிக்கொள்வார். அவர் எல்லோரும் கேட்கும்படி ரேடியோவில் சொன்னார்:

"என்ன சார், உங்க கிரிஸ்டல் கேஜ்ல ஏறி எறங்குதா?"

கேஜ் என்றால் எங்களைச் சுரங்கத்துக்குள் ஏற்றி இறக்கும் லிஃப்ட். எல்லோரும் சிரித்தார்கள். நான் சுவிட்சை அணைத்துவிட்டேன். அடுத்த வருஷப் போட்டியில் அந்தக் கவுண்டரை ஒரு பழைய கிரிஸ்டலால் தோற்கடிக்காவிட்டால் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று அன்றே முடிவு செய்தேன்.

என் கிரிஸ்டல் மேல் குற்றமில்லை. குற்றம் வீட்டின் மேல். வெப்பம் மாறினால் கிரிஸ்டலின் அதிர்வும் மாறும். எங்கள் தகரக் கூரையோ காலையில் நடுங்க வைத்து மத்தியானம் வேக வைக்கும். மரப்பெட்டிக்குள் பஞ்சை அடைத்து, ஒரு சின்ன பல்பைச் சூட்டுக்கு வைத்து, தெர்மாஸ்டாட்டும் போட்டேன். கீழே சுரங்கத்தில் எங்காவது பாறை வெடித்தால் மேலே பாத்திரமெல்லாம் ஆடும், அந்த ஆட்டத்தில் தெர்மாஸ்டாட் ஒட்டிக்கொள்ளும். போதாக்குறைக்குக் கரண்ட். ஊரெல்லாம் ஐம்பது சைக்கிள் என்றால் எங்கள் வயலுக்கு மட்டும் இருபத்தைந்து. கடையில் வாங்கிய டிரான்ஸ்ஃபார்மர் எதுவும் சூடேறி உறுமும். ஒவ்வொன்றையும் பிரித்து நானே மறுபடி கம்பி சுற்றினேன். அந்தக் கரண்டும் நினைத்தபோது போகும். புதுக் கிரிஸ்டலோ பழைய கிரிஸ்டலோ, மாசக்கணக்கில் நிறுத்தாமல் ஒரே சூட்டில் ஓடினால்தான் அலைபாயாமல் ஒரு நிலைக்கு வரும். என் வீட்டில் அது ஒரு வாரம்கூட நிற்காமல் ஓடியதில்லை.

அடுப்படிப் பக்கம் சூடு சீராக இருக்கிறதா என்று பார்க்க அங்கே தெர்மாமீட்டர் மாட்டினேன். ஜன்னலைத் திறக்காதே என்றேன்.

"ஏங்க, உங்க கல்லுக்காக நான் பொகையில சாவணுமா?" என்றாள் மனைவி. தெர்மாமீட்டரைக் கழற்றிவிட்டேன்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. இந்த ஊர்க்காரனுக்குத்தான் வரும். நான் வேலை பார்க்கும் பம்பு அறையில் சித்திரையிலும் ஒரே சூடு, மார்கழியிலும் ஒரே சூடு. ஒரு மாசம் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன், அரை டிகிரி அசையவில்லை. பம்பு நின்றால் தண்ணீர் ஏறிவிடும் என்பதால் அங்கே கரண்டும் நிற்காது. இத்தனை பெரிய அடுப்பைக் காலடியில் வைத்துக்கொண்டு மரப்பெட்டிக்குப் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

டிபன் கேரியரின் கீழ் அடுக்கில் ஒரு நாள் வால்வு, ஒரு நாள் டிரான்ஸ்ஃபார்மர், ஒரு நாள் கிரிஸ்டல் என்று கீழே கொண்டுபோனேன். கீழே போகிறவனை யாரும் சோதிப்பதில்லை. வெளிச் சாமான் எதையாவது கீழே கொண்டுபோனால் கேட்டில் உள்ள ரிஜிஸ்டரில் எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியும். எழுதினால் வேண்டாம் என்பார்கள் என்பதும் தெரியும். அதனால் எழுதவில்லை. ஸ்விட்ச்போர்டுக்குப் பின்னால் வைத்து ஓடவிட்டேன். எட்டு மாசம். ஷிஃப்டுக்குப் போனதும் முதலில் அது ஓடுவதைக் காட்டும் சின்ன சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்ப்பேன். ஒரு நாள்கூட அணையவில்லை.

போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது கிரிஸ்டலை மட்டும் கழற்றினேன். வீட்டில் அதே மாதிரி இன்னொரு செட் தயாராக இருந்தது. எட்டு மாசத்தில் அலைபாய்ச்சல் அடங்கிய கிரிஸ்டல், இனி ஓரிரு நாள் ஓடவிட்டு டில்லியோடு ஒப்பிட்டால் போதும்; போட்டி நடக்கும் கொஞ்ச நேரத்தில் வீட்டுச் சூடு பெரிதாக மாறாது. குப்பியைத் துணியில் சுற்றி, கேரியரில் வைத்துக்கொண்டு கேஜில் ஏறினேன்.

மேலே வருகிறவனுக்குச் சோதனை உண்டு. சட்டை மடிப்பு, செருப்பு, வாய், எல்லாம் பார்ப்பார்கள். அன்று இருந்த காவல்காரர் எங்கள் லைனுக்கு அடுத்த லைன். என்னைவிட நாலைந்து வயது சின்னவர், பார்க்கிற இடத்தில் சிரிப்பவர். கேரியரைத் திறந்து துணியைப் பிரித்தார்.

"இன்னாண்ணே இது, பல்பா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டியிருந்தால்கூடப் போதும். அவர் கை ஏற்கெனவே துணியைச் சுற்றத் தொடங்கியிருந்தது. எட்டு மாசம் ஓடிய அந்தக் கிரிஸ்டலைப் பல்பு என்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது.

"பல்பு இல்ல. குவார்ட்ஸ்," என்றேன்.

"குவார்ட்ஸா?"

"ஆமா. ரெண்டு பக்கமும் தங்கம்."

சோதனை அறையில் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். எங்கள் ஊரில் தங்கம் இருப்பதே குவார்ட்ஸ் பாறையில்தான். அதை ஒரு பொட்டு வெளியே கொண்டுபோனால் வேலையும் போகும், ஜெயிலும் உண்டு. சுரங்கத்திலிருந்து ஏறி வந்தவன் கேரியரில் தங்கத்தோடு குவார்ட்ஸ் இருக்கிறது, அதையும் அவனே வாயால் சொல்கிறான். காவல்காரர் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, இன்னாத்துக்குண்ணே சொன்னீங்க?" என்றார் மெதுவாக. "பல்புன்னா உட்டிருப்பேனே!"

பத்துப் பேர் காதில் விழுந்துவிட்டது. இனி அவரால் ஒன்றும் செய்ய முடியாது. என்னைக் காவல் அதிகாரியிடம் அழைத்துப்போனார்கள். அவரிடம் கிரிஸ்டல் என்றால் என்ன, அதிர்வு என்றால் என்ன, டில்லி சிக்னல் என்றால் என்ன என்று அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"இது எங்கிருந்து வந்துச்சு?"

"பெங்களூர்ல வாங்கினேன் சார். நான்தான் கீழே கொண்டுபோனேன்."

"ரிஜிஸ்டர்ல எழுதினீங்களா?"

"இல்ல சார்."

"அப்ப எங்க கணக்குப்படி இது கீழேருந்துதான் வந்திருக்கு."

தங்கத்தைப் பரிசோதிக்கும் ஆபீசுக்கு அனுப்பினார்கள். எங்கள் சுரங்கத்துத் தங்கத்தில் வெள்ளி கலந்திருக்கும், வெளித்தங்கம் என்றால் தெரிந்துவிடும், கவலைப்படாதீர்கள் என்றார் அதிகாரி. எனக்கு வேலை போய்விடுமோ என்று பயமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிடக் குப்பியை உடைத்துவிடுவார்களோ என்ற பயம் பெரிதாக இருந்தது. இதை மனைவியிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை மறக்காது.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை, கூப்பிட்டார்கள். குற்றமில்லை என்று சொல்லி ஒரு உறையைக் கையில் கொடுத்தார்கள். உள்ளே உடைந்த கண்ணாடித் துண்டுகள். இன்னொரு சின்னப் பொட்டலத்தில் என் குவார்ட்ஸ் தகடு. ஆசிட்டில் தங்கத்தைக் கழுவி எடுத்திருந்தார்கள். அது ஜன்னல் கண்ணாடி மாதிரி சுத்தமாக, செத்துக் கிடந்தது. ஒரு மூலையில் யாரோ இடுக்கியால் பிடித்த சில்லு.

கூடவே ஒரு தாள். கழுவுவதற்கு முன் எடை, கழுவிய பின் எடை, தங்கத்தின் எடை. கடைசி இலக்கம் வரை எழுதி, இரண்டு பேர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 'கிட்டத்தட்ட' என்ற சொல்லே அதில் இல்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு ஒழுங்காக எடுத்த அளவை அதுவரை நான் பார்த்ததில்லை.

அடியில் ஒரு வரி: 'பொருளைச் சேதமின்றிப் பெற்றுக்கொண்டேன்.'

"சேதமாயிருக்கே சார்," என்றேன்.

"அப்படின்னா புகார் எழுதிக் குடுங்க. ஆனா விசாரணை மறுபடி மொதல்லேருந்து வரும். ரிஜிஸ்டர் விஷயமும் வரும்," என்றார் அதிகாரி. மிரட்டலாகச் சொல்லவில்லை, நடக்கப்போவதைச் சொன்னார். நான் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒரு நகலை என்னிடம் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சிக்னல் வந்தது. தெளிவான, பலமான சிக்னல். அளவுகோல் இல்லாமல் வெறும் ரிசீவர் டயலை வைத்துக்கொண்டு கேட்டேன். டயலில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் ஆயிரக்கணக்கான சைக்கிள். அந்தச் சிக்னல் இருபது நிமிஷம் என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. சரியாக எவ்வளவு என்று எனக்குத் தெரியவே இல்லை. அழுகையே வந்துவிட்டது.

மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். மேஜைமேல் கார்டு எழுதாமல் கிடந்ததைப் பார்த்தாள்.

"கிட்டத்தட்ட எவ்ளோன்னு ஒரு நம்பர எழுதிப் போடுங்களேன். இத்தினி நாள் பாடுபட்டீங்க, யாருக்குத் தெரியப் போவுது?"

"அளக்காதத நான் எழுத மாட்டேன்," என்று கத்தினேன். "பொய்க்குக் கையெழுத்துப் போடுற ஆள் நான் இல்ல."

அவள் அலமாரியில் உறைக்குக் கீழே மடித்து வைத்திருந்த அந்த நகலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். காபியை என் பக்கம் நகர்த்திவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எண் எழுத வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு, கீழே கையெழுத்து மட்டும் போட்டு, கார்டைத் தபாலில் சேர்த்தேன்.