இறங்குவதற்கென்றே ஏறிய மலை

இந்த ஊரில் ஒருவனுக்குக் கால் முறிந்தால், பார்க்க வருகிறவர்கள் கோழி அடித்துச் சாறு வைத்துக் கொண்டுவருவதில்லை, பேனா கொண்டுவருகிறார்கள். மாவுக்கட்டு காய்ந்ததும் அதன்மேல் ஆளுக்கொரு கையெழுத்துப் போடுகிறார்கள். ஸ்கொட்லாந்தின் வடக்கு மலைகளில் நான் சமையல்காரனாக இருக்கும் ஹோட்டலின் முதலாளியம்மா முதற்கொண்டு கோப்பை கழுவுகிறவர் வரை எல்லாரும் வந்து என் காலில் கிறுக்கிவிட்டுப் போனார்கள். அதே ஹோட்டலில் மது ஊற்றிக் கொடுக்கும் என் கூட்டாளி இயன், முழங்காலுக்குக் கீழே ஒரு செம்மறியாட்டை வரைந்தான். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நம் தேயிலைத் தோட்டங்களில் உடம்பு முடியாதவனைப் பார்க்கப் போனால் குரலைத் தாழ்த்திப் பேசுவோம், ஒரு பெருமூச்சாவது விடுவோம். இவர்கள் என்னடாவென்றால் சிரிக்கிறார்கள். இனி எப்படி வேலைக்குப் போவாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மறுபடி எப்போது சறுக்கப் போகிறாய் என்றுதான் கேட்டார்கள்.

ஆமாம், நான் காலை முறித்துக்கொண்டது விளையாடப் போய்த்தான். இலங்கை மலைநாட்டில், அட்டனிலும் நுவரெலியாவிலும் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு அந்த விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். தை மாத விடியலில் நுவரெலியாப் புல்லின்மேல் வெள்ளையாக உறைபனி படிந்திருக்குமே, அது ஆளை மூடுகிற ஆழத்துக்கு மலை முழுதும் கிடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கால்களிலும் நீளமான பலகைகளைப் பூட்டிக்கொண்டு உச்சியிலிருந்து சறுக்கி வரவேண்டும். ஸ்கீ என்பார்கள். கீழே வந்ததும் மறுபடி மேலே போவது, மறுபடி சறுக்குவது. அவ்வளவுதான். மேலே இருந்து கீழே கொண்டுவர ஒரு மூட்டை கிடையாது, மேலே ஏற்றவும் ஒன்றும் கிடையாது. முதன்முதல் இதைக் கண்டபோது, வேலைவெட்டி இல்லாத சனம் என்று நினைத்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

நான் றொசல்ல ஸ்டேசனுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தவன். அப்பா தேயிலைச் செடிகளின் தலையைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுகிறவர், அம்மா கொழுந்து பறிக்கிறவள். தோட்டத்துப் பங்களாவில் குசினிச் சமையலுக்குச் சேர்ந்த என்னை, தன் ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை தன்னோடு இங்கே கூட்டிவந்தார். துரை காலமானபிறகு இந்த ஹோட்டலுக்கு வந்தேன். இலங்கை சுதந்திரம் வாங்கிய கையோடு எங்கள் தோட்டத்து ஆட்களின் பிரஜாவுரிமையைப் பிடுங்கிவிட்டதால், எந்த நாட்டான் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு நாடும் இருக்கவில்லை. இங்கே வருஷக் கணக்கில் இருந்தபிறகு பிரிட்டிஷ் பாஸ்போட் ஒன்று கொடுத்தார்கள். அதை வாங்கிய கிழமைதான் இயன் என்னை வம்படியாக மலைக்கு இழுத்துப் போனான்.

பெரிய பூட்ஸுக்குள் சோடி சோடியாகக் காலுறை திணித்துக்கொண்டு நின்றேன். தோட்டத்துப் பிள்ளைக்குச் சரிவு என்றால் ஒன்றே ஒன்றுதான் தெரியும்: விழாமல் நிற்கவேண்டும். கால்விரலால் மண்ணைக் கவ்வி, உடம்பைப் பின்னே சாய்த்து, பாரத்தைச் சுமந்தபடி நிற்கவேண்டும். இயன் அதற்கு நேர்மாறாகச் சொன்னான். முன்னால் சாய், மலையிடம் உன்னைக் கொடுத்துவிடு என்றான். பைத்தியக்காரா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே சாய்ந்தேன். எத்தனையோ தரம் விழுந்து எழும்பியபிறகு ஒரு தரம் விழாமல் கடைசிவரை வந்தேன். காது இரண்டிலும் காற்று இரைந்தது. முதுகில் ஒன்றுமில்லை, பின்னால் கூப்பிடுகிறவன் யாருமில்லை. கீழே வந்து நின்றதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. குளிரில் கண்ணீர் வருகிறது என்று இயன் நினைத்துக்கொண்டு தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தான். அன்றிலிருந்து லீவு நாள் வந்தால் நான் மலையில்தான். வயது நாற்பதை நெருங்கியவனுக்கு வந்த கூத்தைப் பாருங்கள் என்று நானே என்னைக் கேலி செய்துகொள்வேன்.

மூன்றாவது குளிர்காலத்தில் ஒரு பனிக்கட்டியில் பலகை மாட்டி, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. ஆட்டுப் படம் போட்ட கட்டு அதற்குத்தான். கட்டைப் பிரித்த அன்று பார்த்தால் கால் கத்தரிக்காய்க் காம்பு போலச் சூம்பிக் கிடந்தது. டொக்டர் அதைத் தூக்கி, திருப்பி, அமுக்கி, வலிக்கிறதா என்று கேட்டார். உயிர் போகிற வலி. "நோ சேர். வெரி குட் சேர்," என்றேன். இங்கே அமுக்கினால் என்றார். "நோ சேர்." அவர் என் தோளில் தட்டி, உங்கள் நாட்டு ஆட்கள் உறுதியானவர்கள் என்று பாராட்டினார். கொஞ்சம் கொஞ்சமாகப் பனிக்குப் போகலாம் என்று உத்தரவும் கொடுத்துவிட்டார். வலிக்காதவனுக்குக் கொடுத்த உத்தரவு அது. அவர்மேல் பிழை சொல்ல என்ன இருக்கிறது?

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தோட்டத்து ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுக்கு ஒருநாள் வேலை என்பது ஒரு பேர். விடியற்காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய் நின்று, நாள் முழுக்க உழைத்தால் கணக்கப்பிள்ளை முழுப்பேர் போடுவார். உழைப்புக் குறைந்தால் அரைப்பேர். படுத்துவிட்டால் பேரே இல்லை. நான் சின்னவனாக இருக்கையில் அப்பா மழை நாளில் கவ்வாத்து மலையில் சறுக்கி, முழங்காலைக் கல்லில் அடித்துக்கொண்டார். கால் வீங்கிப் போயிற்று. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர் டொக்டர் இல்லை. ஆனாலும் டொக்டரையா என்றுதான் கூப்பிடுவோம். அவர் மேசைக்குப் பின்னால் இருந்தபடியே, "இன்னும் வலிக்குதா, இல்ல சாட்டு சொல்றியா?" என்று கேட்டார்.

"இப்ப சொகங்க, ஐயா," என்றார் அப்பா.

"அப்ப பெரட்டுக்குப் போ."

சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்த அப்பா, படியிறங்கியதும் என் தோளைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் அம்மா கேட்டதற்கும் அதே பதிலைத்தான் சொன்னார். அந்தக் கால் பிறகு நேராகவே இல்லை. கவ்வாத்துக் கத்தியை வாங்கிக்கொண்டு தண்ணீர் ஓடக் கான் வெட்டுகிற இடத்தில் அரைப்பேருக்கு அவரை விட்டார்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லாருமே வைத்தியரிடம் சொகங்க என்று சொல்லித்தான் வளர்ந்தோம். வெள்ளைச் சட்டை போட்டவர் வலிக்கிறதா என்று கேட்டால் வாய் தானாகவே அதைச் சொல்லிவிடும். ஆறாயிரம் மைல் தள்ளி வந்தாலும் வாய் அதே வாய்தானே.

ஆக, நான் பனிக்குப் போனேன். பிள்ளைகள் பழகுகிற சின்னச் சரிவுதான். ஆறாத கால் பாரம் தாங்காமல் உள்ளே மடங்க, பலகை ஒரு பக்கமும் முழங்கால் ஒரு பக்கமும் போயிற்று. பழைய சீலை கிழிவது மாதிரி ஒரு சத்தத்தை எனக்குள்ளேயே கேட்டேன். இந்தத் தரம் யாரும் கையெழுத்துப் போட வரவில்லை. முழங்காலைத் திறந்து தைத்தார்கள். தைத்த இடம் சீழ் வைத்துக் காய்ச்சல் கண்டது; மறுபடியும் திறந்தார்கள். படுத்த படுக்கையில் எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆசைதான். நடப்பதைப் பற்றிக்கூட அவ்வளவு கவலைப்படவில்லை. இன்னும் ஒரே ஒரு தரம் அந்தச் சரிவில் இறங்கிவிடவேண்டும். சாமி கும்பிடும்போது அதைத்தான் கேட்டேன். அம்மா அப்பாவின் சுகத்தைக்கூட அதற்குப் பிறகுதான் கேட்டேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

காலுக்குப் பயிற்சி கொடுக்க மாகிரெட் என்று ஒரு பெண்மணி வருவார். கணுக்காலில் மணல்பை கட்டி, காலை நீட்டச் சொல்லுவார். என் நெற்றியில் வியர்வை கொட்டும், வலிக்கிறதா என்பார், இல்லை என்பேன். ஒருநாள் மணல்பையை அவிழ்த்துக் கீழே வைத்துவிட்டு, நீ இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தால் நான் எதை நம்பி வேலை செய்வது என்று கேட்டார். இங்கிலீசில் சொல்ல வராவிட்டால் உன் பாஷையில் சொல் என்றார். மெதுவாக, "வலிக்குதுங்க," என்றேன். அவருக்கு ஓர் எழுத்தும் விளங்கியிராது. நல்லது, இனி வேலையைத் தொடங்கலாம் என்றார். என் வாழ்நாளில் ஒரு வைத்தியரிடம் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தரம். என் அப்பாவிடம் இப்படி ஒருவர் கேட்டிருந்தால் என்று நினைத்து அன்று முழுதும் மனம் ஆறவில்லை.

ஆனால் அது பிந்திவந்த உண்மை. மாகிரெட் நடக்க வைத்தார், படியேற வைத்தார். பெரிய டொக்டர் கடைசியாகக் காலின் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நடக்கலாம், கம்பு வேண்டும், பனிக்கு இனி போகவே கூடாது என்றார். முதல் தரம் எலும்பு ஆறும்வரை இருந்திருந்தால் என்று ஏதோ தொடங்கியவர், என் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார். பலகைகளை எடுத்துப்போகச் சொல்லி இயனைக் கூப்பிட்டேன். அவன் வாங்கிக்கொண்டு போனான்.

அடுத்த மாசி மாதம், அம்மா அப்பாவைப் பார்க்கக் கப்பல் ஏறினேன். பிறந்த ஊருக்கு நான் விருந்தாளி. ஒரு மாத விசா. றொசல்ல ஸ்டேசனில் அப்பா குடையோடு நின்றார். அவருக்கும் இடது கால், எனக்கும் இடது கால். இரண்டு பேரும் நொண்டிக்கொண்டு லயத்துக்கு ஏறுவதைக் கண்டு, வழியில் நின்றவர்கள் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். "வேல செய்யிற எடத்துல விழுந்துட்டானாம்," என்று அப்பாவே சொல்லிக்கொண்டு வந்தார். நான் மறுக்கவில்லை. விளையாடப் போய் முறித்தேன் என்று அந்த மலையில் நின்றுகொண்டு எந்த வாயால் சொல்வது?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பா கோயிலுக்குப் போயிருந்தார். அம்மா என் முழங்காலுக்கு எண்ணெய் சூடுகாட்டித் தேய்த்தாள்.

"என்னா வேல செஞ்சப்ப விழுந்த, தம்பி?"

அந்தக் கையிடம் பொய் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பனி, பலகை, மேலே போவது, சும்மா கீழே வருவது. அம்மாவின் கை நின்றுவிட்டது. இப்போது ஏச்சு விழப்போகிறது என்று காத்திருந்தேன்.

"நல்லா இருந்துச்சா?" என்றாள்.

"நல்லா இருந்துச்சும்மா."

"எறங்குறப்ப எப்பிடிப்பா இருக்கும்?"

இரண்டு கையையும் விரித்து, முன்னால் சாய்ந்து காட்டினேன். சின்னப் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மறுபடி போவியா?"

"இனி முடியாதும்மா. டொக்டரு கூடாதுன்னுட்டாரு."

அம்மா அழுதாள். அப்பாவின் கால் வீங்கியபோது அழாதவள், நான் கப்பலேறிய அன்றுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவள், இதற்கு அழுதாள். "அட பாவமே, அது ஒண்ணாவது இருந்திருக்கலாமேப்பா," என்று சொல்லிச் சொல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்தநாள் பின்னேரம், கொழுந்து நிறுத்து முடிந்து பெண்கள் வெறுங்கூடையோடு திரும்பும் நேரத்தில், மலையடியில் ரோட்டோரமாக நின்றேன். அதற்குமேல் ஏற என் காலால் ஆகாது. மேலே, புல் படர்ந்த ஒரு சரிவின் தலையில் அம்மா தெரிந்தாள். என்னைக் கண்டுவிட்டாள். மற்றவர்கள் படியில் இறங்க, அவள் மட்டும் படியை விட்டுவிட்டுப் புல்லுக்கு வந்தாள். இரண்டு கையையும் விரித்தாள். முதுகில் கூடை ஆட, ஈரம் படாமல் இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்குப் படபடக்க, நேராக என்னைப் பார்த்து ஓடி இறங்கினாள்.

"ஏய் பெருமாயி, புத்தி கித்தி கெட்டுப் போச்சா?" என்று மேலிருந்து கணக்கப்பிள்ளை சத்தம் போட்டார்.

அம்மா நிற்கவில்லை. சிரித்துக்கொண்டே வந்தாள். அவள் சிரித்தால் இப்படித்தான் இருக்கும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. விழுந்துவிடுவாளே என்று பதறி, ஓடிப்போய்ப் பிடிக்கப் பார்த்தேன். கால் வரவில்லை. ரோட்டோரத்துக் கல்லில் கம்பை ஊன்றி, ஒரு கையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றேன். அவள் தானாகவே வந்து அந்தக் கையைப் பிடித்து நின்று மூச்சு வாங்கினாள்.

விசா முடிந்து திரும்பி வந்து இது முதல் குளிர்காலம். லீவு நாளில் இயனோடு மலையடிவரை போய் நிற்கிறேன். மேலே வெள்ளைச் சரிவில் தூரத்தில் யாராவது கை விரித்துப் புறப்பட்டால் போதும், முதுகில் கூடை இருக்கிறதா என்று என் கண் தேடுகிறது. நொண்டிக் காலோடு பனியில் ஓர் அடி முன்னே வைத்து, கையை நீட்டிவிடுகிறேன். வருகிறவர்கள் யாரோ தெரியாத வெள்ளைக்காரர்கள். நான் வாழ்த்துச் சொல்வதாக நினைத்து, அவர்களும் கையை அசைத்துவிட்டு என்னைத் தாண்டிப் போகிறார்கள்.