முன் பிரேக்கில் வைத்த ரட்சை

அண்ணி முதலில் கழற்றியது மோட்டார் சைக்கிளின் பக்கக் கண்ணாடிகளைத்தான். இரண்டையும் ஒரு பழைய துண்டில் சுற்றி ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, ஷிப்டு முடிந்து வந்த என் அண்ணன் ஆம்புலன்ஸ் டிரைவர் உடுப்போடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். மோட்டாரைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். "எனக்கு வந்து சேர்றதெல்லாம் கண்ணாடி இல்லாத மோட்டாருதான்" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அண்ணியோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

மலேசியாவில் கெடா பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் மோட்டார் சைக்கிளின் கண்ணாடியைக் கழற்றிப் போடுகிறவன் ரெம்பிட். சனிக்கிழமையானால் ஹைவேயில் கூட்டமாகப் பந்தயம் ஓட்டுகிற பையன்களுக்கு அந்தப் பெயர். அவர்களில் விழுந்தவனை அள்ளிக்கொண்டு சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரிக்கு ஓடுவது அண்ணனின் பிழைப்பு. சில நாள் வீட்டுக்கு வந்ததும் உள்ளே நுழையமாட்டார். வெளிக்குழாயிலேயே சட்டையைக் கழற்றி அலசிப் பிழிந்து போட்டுவிட்டுத்தான் வருவார். என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. அந்த மனிதரின் வீட்டு வாசலில், கட்டின பெண்டாட்டியே கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு நின்றால் அவர் என்னதான் நினைப்பார்?

அண்ணி பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். செம்பனைக் காட்டுச் செம்மண் பாதையில், பள்ளிக்கூட வயதிலேயே அப்பாவின் மோட்டாரை ஓட்டிப் பழகியவர். கல்யாணமாகி புக்கிட் செலம்பாவ் வந்த பிறகு, எல்லாரையும் போல ஒரு கப்சாயில், அதாவது எங்கள் ஊரின் சின்ன மோட்டாரில், டவுனில் இருக்கும் கையுறைக் கம்பெனிக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். அண்ணியின் தம்பி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும்போது தன் பழைய ஸ்போர்ட்ஸ் மோட்டாரை அக்கா வீட்டில் நிறுத்திவிட்டுப் போனான். ஜப்பான் வண்டி, நானூறு சிசி, நாலு சிலிண்டர். அவன் அங்கேயே வீடு வாங்கித் தங்கிவிட்டான். "வச்சிக்கக்கா, இல்ல பழைய இரும்புக்குப் போட்டுரு" என்று போனில் சொல்லிவிட்டான். பழைய இரும்புக்குப் போடுவதா! எங்கள் அண்ணி தீர்ந்துபோன பேனாவைக்கூடத் தூக்கிப் போடாத பிறவி.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் ஒருவர் என்னைக் கேட்டார், "ஒங்க அண்ணன் எப்பிடிங்க அந்தம்மாவுக்கு அந்த மோட்டார ஓட்ட அனுமதி குடுத்தாரு?" என்று. அனுமதியாம், அனுமதி! எனக்கு வந்த கோபத்தில் பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். அங்கே அனுமதி கேட்டவரும் இல்லை, கொடுத்தவரும் இல்லை. நடந்தது வேறு.

அண்ணி என்னிடம் சொன்னது இதுதான்: "தம்பி, எனக்கு நாப்பது தாண்டிருச்சு. இந்த மோட்டார ஒரே ஒரு தடவையாச்சும் கடேசி கியர் வரைக்கும் முறுக்கிப் பாத்துரணும். ரோட்டுல முடியாதுலா. ரோட்டுல லோரி இருக்கு, மாடு இருக்கு, ஒங்க அண்ணன் இருக்காரு." தெற்கே, காசு கட்டினால் யார் வேண்டுமானாலும் தங்கள் மோட்டாரைக் கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கக்கூடிய பந்தயத் தடம் ஒன்று இருக்கிறது. எல்லாரும் டிராக் என்றுதான் சொல்வார்கள். அங்கே போட்டியும் கிடையாது, பரிசும் கிடையாது. லோரியும் மாடும் இல்லாத ரோடு, அவ்வளவே. கண்ணாடியைக் கழற்றச் சொன்னது அந்த டிராக்கின் விதி. விழுந்தால் சில்லு சிதறிப் பின்னால் வருகிறவன் டயரைக் கிழித்துவிடும். இதை அண்ணி எத்தனையோ முறை சுவரைப் பார்த்துச் சொன்னார். அண்ணனும் சுவரைப் பார்த்தே கேட்டுக்கொண்டார். "சோறு போடச் சொல்லு" என்று என்னிடம் சொல்வார். அண்ணி அவருக்கு எதிரிலேயே நின்றுகொண்டிருப்பார். நடுவில் மாட்டிக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பழைய மோட்டாரை டிராக்குக்குத் தயார் செய்வதென்றால் பளபளப்பு ஏற்றுவது என்று நினைத்திருந்தேன். நானும் மெஷின் பழுது பார்க்கிறவன்தான், கம்பெனியில். ஆனாலும் இந்த வேலை வேறு மாதிரி. அங்கே அழகை யாரும் பார்ப்பதில்லை. எது கழன்று விழும், எது ஒழுகும் என்றுதான் பார்ப்பார்கள். முன் விளக்கு, பின் விளக்கு எல்லாவற்றுக்கும் டேப் ஒட்டினோம். ரேடியேட்டரிலிருந்த பச்சைத் திரவத்தை இறக்கிவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றினோம். அந்தப் பச்சை சிந்தினால் தடம் வழுக்குமாம். கார்புரேட்டர் நாலையும் பிரித்து, உள்ளே பாகு மாதிரி உறைந்து கிடந்த பழைய பெட்ரோலைக் கழுவினோம். என்ஜின் எண்ணெய் இறக்கும் போல்ட்டின் தலையில் துளை போட்டு, மெல்லிய கம்பியை முறுக்கிக் கட்ட வேண்டும், ஆட்டத்தில் கழன்றுவிடாமல் இருக்க. துளை போடுவதற்குள் ட்ரில் ஊசிகள் ஒவ்வொன்றாக ஒடிந்தன. அண்ணி கம்பியை முறுக்கிக்கொண்டே, "தாலிக்கே மூணு முடிச்சுதான் தம்பி. இதுக்கு எத்தன பாரு!" என்றார். அண்ணன் உள்ளே டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

தோல் உடுப்பு கட்டாயம். பழைய துணி விற்கும் பண்டல் கடையில் ஒன்று கிடைத்தது, யாரோ தடித்த ஆம்பிளை போட்டது. அதை டவுனில் அண்ணிக்கு ரவிக்கை தைக்கும் அக்காவிடம் கொண்டுபோனோம். "ஹய்யோ, இது என்னாடி, எரும மாட்டுத் தோலா?" என்று அவர் அலறினாலும், இடுப்பைப் பிடித்துத் தைத்துக் கொடுத்துவிட்டார். கடைசியாக மாற்றியது முன் பிரேக்கின் பேடுகளை. முன்சக்கரத்தில் இரண்டு பக்கமும் சல்லடை மாதிரித் துளை போட்ட இரும்புத் தட்டுகள் சுழலும். பேடுகள் அவற்றை இறுக்கிப் பிடித்தால்தான் மோட்டார் நிற்கும். கழற்றிய பேடுகளில் இன்னும் பாதி மிச்சமிருந்தது. வழக்கம்போல அண்ணி அவற்றைத் தூக்கிப் போடாமல் சாமான் பெட்டிக்குள் போட்டுக்கொண்டார்.

கிளம்பும் நாள் விடியற்காலையில் தெரிந்தவரிடம் இரவல் வாங்கிய காய்கறி லோரியோடு நான் போனபோது அண்ணன் ஏற்கெனவே ஷிப்டுக்குப் போயிருந்தார். "ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்ல?" என்று மட்டும் அண்ணி முனகினார். டிராக்கில் மோட்டாரைப் பலகை வழியாக இறக்கும்போது அது சரசரவென்று வழுக்கிக்கொண்டு வந்தது. பலகையில் பனி ஈரம் என்று நினைத்தோம். சோதனை செய்ய வந்த மலாய்க்காரர் சாவதானமாக எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்தார், கம்பி முடிச்சைப் பார்த்துத் தலையாட்டினார். கடைசியில் மோட்டாரை முன்னால் தள்ளி, முன் பிரேக்கை அழுத்தினார். மோட்டார் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. "கக், பிரேக் தா மாக்கான் நி" என்றார். 'கக்' என்றால் அக்கா. மலாயில் பிரேக் பிடிக்கவில்லை என்பதை 'பிரேக் தின்னவில்லை' என்றுதான் சொல்வார்கள். சரி செய்யாமல் உள்ளே விடமுடியாது என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

அண்ணி குந்தி உட்கார்ந்து தட்டின்மேல் விரலை வைத்து இழுத்தார். கறுப்பாக ஒட்டியது. ஒவ்வொரு துளைக்குள்ளும் அந்தக் கறுப்பு அடைந்திருந்தது. முகர்ந்து பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். விரலை என் மூக்கிடம் நீட்டினார். நெய் வாசனையும் கற்பூர வாசனையும் வந்தன. அண்ணன் வழக்கமாகப் போகும் முனியாண்டி கோயில் ரட்சை! ஹோமச் சாம்பலை நெய்யில் குழைத்து நெற்றியில் இட்டுவிடுவார்களே, அதேதான். நெய்யைப் பேடுகள் எல்லாம் நன்றாகக் குடித்திருந்தன.

எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது. "அண்ணன் வேணும்னே செஞ்சிருக்காரு அண்ணி! நீங்க ஓட்டக் கூடாதுன்னு கெடுத்து வச்சிருக்காரு" என்று கத்தினேன். பக்கத்துக் கொட்டகையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி என்னை முறைத்தார். "வாய மூடு. கெடுக்கணும்னா டயர்ல ஆணி அடிச்சிருப்பாரு. சாமிகிட்டப் போயி வாங்கியாந்து எவனாச்சும் கெடுப்பானா? அந்த மனுசனுக்கு டயர் மாத்துறதத் தவுர என்னா தெரியும்? சாம்பல்னு நெனச்சு வச்சிருக்காரு." சொல்லும்போதே குரல் உடைந்தது. பிறகு கையுறையைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பெட்டியில பழைய பேடு இருக்கு, எடு" என்றார்.

பக்கத்தில் இருந்த சீனப் பையன் பிரேக் கழுவும் ஸ்ப்ரே ஒரு டின் கொடுத்தான். தட்டுகளைக் கழுவினோம், துளைகளைக் குச்சியால் குத்திக் குத்தி எடுத்தோம், பழைய பேடுகளைப் போட்டோம். மதியத்துக்கு மேல்தான் சோதனைக்காரர் சரி என்றார். முதல் இரண்டு சுற்று அண்ணியை எல்லாரும் தாண்டிப் போனார்கள். அதற்குப் பிறகும் பாதிப் பேர் தாண்டினார்கள், பொய் சொல்லக் கூடாது. ஆனால் நேர்பாதையில் அந்த நாலு சிலிண்டரும் உச்சத்துக்குப் போய் அலறிய சத்தம் கொட்டகை வரைக்கும் கேட்டது. அண்ணி திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றியதும் முகமெல்லாம் சிவந்து, சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். "போயிட்டேன் தம்பி, கடேசி கியர் வரைக்கும் போயிட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் சத்தியம் வாங்கிக்கொண்டார். அண்ணனுக்கு இது தெரியவே கூடாது. "தெரிஞ்சா அந்த மனுசன் உசுரோட செத்துருவாரு. எத்தன பேரத் தூக்கியிருக்காரு. என்னயும் தூக்க வேண்டி வந்திருக்கும், அதுவும் தன்னாலன்னு நெனச்சா தூங்குவாரா?" நாங்கள் போய் இறங்கியபோது அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார். அண்ணியை மேலும் கீழும் பார்த்தார், கை கால் எல்லாம் இருக்கிறதா என்று எண்ணுகிறவர் போல. "பசியாறுனியா?" என்று கேட்டார். எங்கள் ஊரில் பசியாறுவது என்றால் காலைச் சாப்பாடு. விளக்கு வைக்கும் நேரத்தில் பசியாறுனியாவாம்! இத்தனை நாள் பேசாமல் இருந்தவருக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

அதோடு முடிந்திருந்தால் நல்லது. ஆனால் அண்ணிக்கு ஒரு தடவை போதவில்லை, அண்ணனுக்கோ அந்த பிரேக் தட்டு ராசியாகிவிட்டது. ரட்சை வைத்தார், ஒரு கீறல் இல்லாமல் வந்துவிட்டாள், பிறகென்ன? ஒவ்வொரு தடவையும் கிளம்பும் முன் யாருக்கும் தெரியாமல் போய் அதே தட்டில், அதே துளைகளில் வைத்துவிடுவார். அண்ணியும் யாருக்கும் தெரியாமல் முந்தின நாளே பேடுகளைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வார். முன் பிரேக்கே இல்லாத மோட்டாரை லோரியில் ஏற்றி இறக்குவது என் தலையெழுத்து. டிராக் போய்ச் சேர்ந்ததும் கழுவித் துடைத்து, பேடை மாட்டி, அதற்கப்புறம்தான் சோதனைக்குக் கொண்டுபோவோம்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தானும் வருவதாகச் சொல்லி, லோரியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அண்ணி பேடுகள் இருந்த பையை மடியில் இறுக்கிக்கொண்டார். டிராக்கில் இறங்கியதும் அவர் நேரே போனது அங்கே நிறுத்தியிருந்த ஆம்புலன்ஸிடம். டிரைவரிடம் கை கொடுத்து, பின்கதவைத் திறக்கச் சொல்லி, ஸ்ட்ரெச்சர் சக்கரம் சரியாக ஓடுகிறதா என்று இழுத்துப் பார்த்தார். இதுதான் சமயம் என்று அண்ணி ஸ்ப்ரேயை எடுத்தார். பாதி கழுவிக்கொண்டிருக்கும்போது பின்னால் நிழல் விழுந்தது.

தட்டிலிருந்து கறுப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தரையில் பிளாஸ்டிக் தாள்மேல் பேடுகள் கிடந்தன. அண்ணன் அதையும் இதையும் பார்த்தார். டிரைவர் அல்லவா, சொல்லாமலே கணக்குப் புரிந்துவிட்டது. "மொதத் தடவையும் இப்பிடித்தானா?" என்றார். அண்ணி என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். அண்ணன் பக்கத்திலிருந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். "டேங்க்குல வச்சா நீ பாத்துருவ. கோவத்துல இருந்தேன்ல, நீ பாக்கக் கூடாதுன்னுதான் அங்க வச்சேன்" என்றார்.

"விடுங்க. ஒன்னும் ஆவலல்ல?" என்றார் அண்ணி.

அண்ணன் எழுந்து அவர் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டார். மண்டியிட்டு, ஒவ்வொரு துளையாக, தானே துடைத்தார். துடைத்துவிட்டு வெளிச்சத்தில் சாய்ந்து பார்த்து மறுபடியும் துடைத்தார். அண்ணி பேடுகளை மாட்டினார். முதல் குழுவை ஒலிபெருக்கியில் அழைத்துவிட்டார்கள். அண்ணி தலைமுடியை உள்ளே சொருகிக்கொண்டு ஹெல்மெட்டைத் தூக்கியபோது அண்ணன், "இரு" என்றார்.

சட்டைப்பையிலிருந்து ஒரு வாழையிலைத் துண்டை எடுத்துப் பிரித்தார். மிச்ச ரட்சை. மோதிர விரலால் தொட்டு, சந்தேகத்தோடு மோட்டாரை ஒருதரம் பார்த்துவிட்டு, அண்ணியிடம் கேட்டார்:

"நெத்தியில வச்சா ஒன்னும் ஆவாதுல்ல?"

அண்ணி சிரித்துக்கொண்டே குனிந்து நெற்றியைக் கொடுத்தார்.