அறுத்த விட்டம்

ஸ்டாடிக்ஸ் பாடத்தில் நான் தோற்ற செய்தி எனக்கு முன்பே காமயகவுண்டன்பட்டிக்கு வந்து சேர்ந்திருந்தது. ஊருக்குக் கடிதம் போட்டவன் யார் என்று இன்றுவரை தெரியாது. அப்போது தெரிந்திருந்தால் கைநீட்டியிருப்பேன். பஸ்ஸிலிருந்து பெட்டியை இறக்கி வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் மூன்று பேர் நிறுத்திக் கேட்டுவிட்டார்கள். "என்னப்பா, பெயிலாமே?"

தோற்றதைவிடத் தோற்ற விதம்தான் எனக்கு எரிச்சல். பட்டணத்தில் இஞ்சினியரிங் காலேஜில் அது எனக்கு முதல் வருஷம். ஸ்டாடிக்ஸ் என்பது அசையாமல் நிற்கிற பொருள்களைப் பற்றிய கணக்கு. ஒரு கூரையோ, பாலமோ, சுவரில் சாய்த்த ஏணியோ ஏன் விழாமல் நிற்கிறது, அதில் எந்தக் கட்டை எவ்வளவு தாங்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இன்டர்மீடியட்டில் கணக்கை மனப்பாடம் செய்தே நல்ல மார்க் வாங்கியவன் நான். அந்தப் பருப்பு இங்கே வேகவில்லை. லெக்சரர் கரும்பலகையில் ஒரு கூரைச் சட்டத்தை வரைவார். இந்த முனையை மட்டும் தனியே வெட்டி எடு, அதைத் தொடுகிற விசைகளை மட்டும் அம்பு அம்பாகப் போடு என்பார். நன்றாக நிற்கிற கூரையை எதற்காக வெட்ட வேண்டும் என்றே எனக்குப் புரியவில்லை.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் அவர் பின்னாலேயே போய்த் தமிழில் கேட்டேன். அவரும் தமிழர்தான். நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். எந்தப் பாஷையில் பரீட்சை எழுதப் போகிறாயோ அந்தப் பாஷையில் கேள் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு நடந்தார். அதோடு அவரிடம் கேட்பதை விட்டேன். அடுத்த மாதச் சோதனையில், கூரைக்கு அடியில் சுவருக்குச் சுவர் குறுக்கே போகிற விட்டம் நெருக்கப்படுகிறது என்று எழுதினேன். அது இழுக்கப்படுகிறது என்று எழுதியிருக்க வேண்டும். அம்பு தலைகீழாகிவிட்டது. அந்தத் தாளை அவர் வகுப்பில் தூக்கிப் பிடித்தார். இந்தக் கனவான் கட்டப்போகும் கூரையை வானத்திலிருந்து கயிறு போட்டுத்தான் தொங்கவிட வேண்டும் என்றார். வகுப்பே சிரித்தது. அந்த வருஷம் முழுக்கப் புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிரிப்புத்தான் கேட்டது. வருஷப் பரீட்சையில் மற்றதெல்லாம் தேறி, அது ஒன்றில் மட்டும் போனேன். செப்டம்பரில் மறுபடி எழுதலாம் என்றார்கள்.

வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் மாமா ஆள் விட்டிருந்தார். அம்மாவின் ஒரே தம்பி. தேனியில் பருத்திக் கமிஷன் வியாபாரம். ரயில் வந்ததிலிருந்து அவருக்கு ஏறுமுகம். ரயிலடிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கிட்டங்கி கட்டி, அதில் பருத்திப் பொதிகளை அடுக்கி வைத்திருந்தார். நான் போய் இறங்கியதும் சாப்பிடக்கூட விடாமல் அங்கே கூட்டிப் போனார். மதுரையிலிருந்து வந்திருந்த இரண்டு வியாபாரிகள் அங்கே நின்றார்கள்.

"இவன் எங்க அக்கா மகன். இஞ்சினியரு" என்றார் மாமா.

"இன்னும் இல்ல மாமா, படிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றேன்.

"அட, சும்மா இர்றா. கிட்டங்கியப் பாத்துட்டு எப்படி இருக்குன்னு இவுகளுக்குச் சொல்லு."

எனக்குச் சுருக்கென்றது. நான் பெயிலானது அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, தன் கட்டடத்துக்கு முத்திரை குத்த என்னைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே நடந்தேன். தரை நன்றாக இழைத்த சுண்ணாம்புத் தரை. அதன்மேல் பருத்திக்கொட்டை சிந்திக் கிடந்ததை நான் கவனிக்கவில்லை. இடது கால் ஒரு பக்கம் போனது, வலது கால் மறுபக்கம் போனது. நிறுத்த முடியவில்லை. கால்கள் விரிந்துகொண்டே போக, தொடையின் உள்பக்கம் கிழிந்துவிடும் போல் இழுத்தது. அப்புறம் மல்லாந்து விழுந்தேன். பருத்தி பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வியாபாரிகளும் சிரித்தார்கள். மாமாதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

நான் உடனே எழுந்திருக்கவில்லை. வலி ஒரு காரணம். இன்னொன்று, கூரை எனக்கு நேர் மேலே இருந்தது. இரண்டு கைமரங்கள் முகட்டில் சேர்ந்து, கீழே வர வர விரிந்து, இரண்டு சுவர்களின் தலையில் போய் நின்றன. விரித்த கால்கள் போலவே நின்றன. மேலே ஓட்டின் பாரம் அமுக்க அமுக்க அந்தக் கால்கள் விரியத்தான் பார்க்கும். விரியவிடாமல் இழுத்துப் பிடிக்கத்தான் குறுக்கே விட்டம். என் தொடை எப்படி இழுபட்டதோ அப்படித்தான் விட்டமும் இழுபடும். ஒரு வருஷம் முழுக்க மண்டையில் ஏறாதது, பருத்திக்கொட்டைமேல் மல்லாந்து கிடந்த அரை நிமிஷத்தில் ஏறியது. சந்தோஷப்பட நேரமில்லை. ஏனென்றால் நடுவில் இருந்த மூன்று சட்டங்களில் விட்டத்தையே காணோம். சுவரோரம் வெட்டிய மொட்டைக் கட்டைகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

எழுந்து தூசியைத் தட்டாமலே கேட்டேன். "மாமா, நடு விட்டமெல்லாம் எங்க?"

"பொதிய மேல வரைக்கும் அடுக்க விடாம இடிச்சுச்சு. அறுத்து எடுக்கச் சொல்லிட்டேன்."

"அது இல்லேன்னா சுவரு வெளிய தள்ளிரும் மாமா."

"தேக்கு கைமரம்லே இது. யானைய ஏத்துனாலும் தாங்கும்."

கைமரம் தாங்குவதைப் பற்றி யார் கேட்டார்கள்? வியாபாரிகள் முன்னால் மேலே பேச விடாமல் என் தோளில் கைபோட்டுக் காப்பிக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அறுத்த ஆசாரியைச் சாயங்காலம் பஜாரில் தேடிப் பிடித்தேன்.

"நீங்க சொல்லலையா அவருகிட்ட?"

"சொன்னேன் தம்பி. வேணாம் மொதலாளின்னு ரெண்டு தடவ சொன்னேன். கேக்கல. அறுத்துக் குடுத்துட்டு வந்துட்டேன்."

"வாளக் கீழ வச்சுட்டு வந்திருக்கக் கூடாதா?"

எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது. இப்போது நினைத்தால், மாமா வாங்கித் தருகிற வேலையில் பிழைக்கிற மனிதர் வேறென்ன செய்திருக்க முடியும்? அன்றைக்கு எனக்கு அந்த நியாயமெல்லாம் வேண்டியிருக்கவில்லை.

ஊருக்குத் திரும்பித் தென்னந்தோப்பில் உட்கார்ந்து மூன்று நாள் கணக்குப் போட்டேன். ஓட்டின் எடை, கைமரத்தின் சாய்வு, சுவரின் உயரம். முகட்டை வெட்டி எடுத்தேன், அம்பு போட்டேன். கைமரத்தின் அடிமுனையை வெட்டி எடுத்தேன்; அம்பு போட்டேன். ஒவ்வொரு தடவையும் அம்பு சுவரை வெளியே பார்த்துத்தான் தள்ளியது. எதற்காக வெட்டச் சொன்னார் லெக்சரர் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. வெட்டினால்தான் உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே தெரியும். இதைத் தமிழில் ஒரு வரி சொல்லியிருக்கலாமே அந்த ஆள் என்று தென்னை மரத்தைப் பார்த்துத் திட்டினேன். கடைசியில் வந்த விசை பயங்கரமாக இருந்தது. அந்தச் சுவருக்குக் கீழேதான் அந்தப் பெண்கள் விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை உட்கார்ந்திருக்கிறார்கள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் தேனிக்குப் போய்க் கிட்டங்கி வாசலில் குறுக்கே நின்றுகொண்டேன். வேலைக்கு வந்த பெண்களிடம், உள்ளே போகாதீர்கள், கூரை விழப்போகிறது என்றேன். அவர்களில் மூத்தவள் இடுப்பில் கைவைத்து என்னைப் பார்த்தாள்.

"ஏய்யா, நீ பெயிலானதுக்கு எங்க பொழப்புலயா மண்ணப் போடுற?"

தேனி வரைக்கும் தெரிந்திருக்கிறது. யாரைக் காப்பாற்ற வந்தேனோ அவளே அதைக் கேட்டாள். அதற்குள் மாமா வந்துவிட்டார். பாதிப் பஜார் கூடிவிட்டது.

"எப்ப விழும்? சொல்லு பாப்போம்" என்றார்.

ஸ்டாடிக்ஸில் நாள் கணக்கே கிடையாது. ஒரு பொருள் நிற்குமா நிற்காதா என்று மட்டும்தான் அது சொல்லும். எப்போது என்று சொல்லாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் முந்திக்கொண்டது.

"பத்து நாள்ல விழும்!"

"பத்து நாளு. எல்லாரும் கேட்டுக்கங்க" என்றார் மாமா.

பத்து நாளும் வானம் பளிச்சென்று இருந்தது. ஒரு ஓடுகூட நகரவில்லை. பதினோராம் நாள் மாமாவே ஊருக்கு வந்து என்னைக் கையோடு கூட்டிப் போனார். அம்மாவிடம் முறையிட்டதற்கு, "எனக்கு இருக்கிறது ஒரே தம்பி. அவன் கூப்பிட்டா போயிட்டு வா" என்று சொல்லிவிட்டாள். கிட்டங்கியில் பொதிகளை ஒதுக்கி, பஜார் வியாபாரிகளுக்கெல்லாம் விருந்து வைத்திருந்தார். எனக்கு இலை போட்ட இடம், அறுத்த நடு விட்டத்துக்கு நேர் கீழே.

"சாப்பிடுங்க இஞ்சினியர்" என்று அவரே நின்று பரிமாறினார்.

எழுந்து போயிருக்கலாம். போனால் பயந்து ஓடினான் என்பார்கள். ஆட்டுக்கறிக் குழம்பை ஊற்றிப் பிசைந்து, தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டேன். எதிரே இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரிப்பது தெரிந்தது. அந்தக் கூரை அப்போதே எல்லோர் தலையிலும் விழ வேண்டும் என்று மனசார வேண்டினேன். என் தலையையும் சேர்த்துத்தான்.

காலேஜ் திறந்ததும் என் கணக்குத் தாள்களை எடுத்துக்கொண்டு அதே லெக்சரரிடம் போனேன். இங்கிலீஷில் தப்பும் தவறுமாக விளக்கினேன். அவர் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். மூன்று சட்டங்கள் பகிர்ந்துகொள்ள வேண்டிய பாரம் முழுவதையும் ஒன்றின்மேல் ஏற்றியிருக்கிறாய் என்றார். இரண்டரை அடிச் சுவர் தன் கனத்தாலேயே எவ்வளவு எதிர்த்து நிற்கும் என்பதை மறந்துவிட்டாய் என்றார். அம்புகள் எல்லாம் சரி என்றார். அது யாருடைய கிட்டங்கி, அங்கே யார் இருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை என்பதுதான் என்னால் பொறுக்க முடியாததாக இருந்தது. அறைக்குப் போய்ச் சுவரையும் சேர்த்து மறுபடி போட்டேன். சாதாரண நாளில் நிற்கும். மழையில் ஓடு நனைந்து கனத்து, சுவரின் அடியும் ஊறினால் நிற்காது. மாமாவுக்கு ஒரு பக்கம் எழுதித் தபாலில் போட்டேன். பதில் வரவில்லை. செப்டம்பரில் பரீட்சை எழுதித் தேறினேன்.

தைப்பொங்கலுக்கு வந்தபோது தேனியில் இறங்கி நேரே கிட்டங்கிக்குப் போனேன். அது நின்றது. நடுச் சட்டங்கள் மூன்றிலும் சுவருக்குச் சுவர் இரும்புக் கம்பி ஓடியது. பொதிக்கு இடிக்காதபடி கொஞ்சம் உயரத்தில் போட்டிருந்தார்கள். வெளிச்சுவரில் தகடு வைத்து நட்டுப் போட்டிருந்தது. கணக்குப்பிள்ளை பெருமையாகச் சொன்னார்:

"ஐப்பசி மழையில சுவரு நாலு விரக்கடை வெளிய சாஞ்சிருச்சு தம்பி. மொதலாளி ராத்திரியெல்லாம் தூங்கல. அவுகளாவே யோசிச்சு, மதுரையில இருந்து கம்பி வரவழச்சு, அங்கன நின்னே போட வச்சாக."

"அவுகளாவே யோசிச்சா?"

"ஆமா. என்ன மூளைங்கிறீக!"

மாமா உள்ளே வந்தார். என் கடிதம் வந்ததா என்று கேட்டேன். வந்தது என்றார்.

"அப்ப ஏன் மாமா, நீங்களா யோசிச்சதா ஊரெல்லாம் சொல்றீக?"

அவர் அசரவில்லை. "நீ விழும்னு சொன்ன. நான் நிக்க வச்சேன். ரெண்டும் ஒண்ணாடா?"

வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். விருந்து, இலை, சிரிப்பு என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். கணக்குப்பிள்ளை மெல்ல வெளியே நழுவினார். மாமா கேட்டுக்கொண்டே நின்றார். பேசி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு மேலே பார்த்தேன். நடுக் கம்பி லேசாகத் தொய்ந்திருந்தது. தொய்ந்த கம்பி எதையும் இழுக்காது, இருந்தும் இல்லாததுதான்.

"அதை முறுக்கவே இல்ல. ஸ்பானர் எங்க?" என்றேன்.

அவரே எடுத்துக்கொண்டு வந்தார். வெளிச்சுவரில் ஏணியைச் சாய்த்து ஏறினேன். நட்டு துருப்பிடித்திருந்தது. உள்ளங்கை தோல் உரிய முறுக்கினேன். கம்பி விறைத்து, தட்டினால் ஓசை கேட்கும்வரை விடவில்லை. கீழே மாமா ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "பாத்து, பாத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று அவர் வீட்டில் நான் சாப்பிடவில்லை. அடுத்த இரண்டு வருஷம் கை நனைக்கவில்லை. பிறகு அம்மாவுக்காகப் போகத் தொடங்கினேன். நான் வேலையில் சேர்ந்த பின்பு, பஜாரில் யார் என்னைப் பற்றி விசாரித்தாலும் மாமா ஒரே பதில்தான் சொல்வாராம்: "அவனுக்கு அந்த ஸ்டாடிக்ஸுங்கிறது வரவே இல்ல. நம்ம கிட்டங்கியிலதான் கத்துக்கிட்டான்." அது பொய் இல்லை. அதனால் அவர் இருந்தவரை என்னால் மறுத்துப் பேசவும் முடியவில்லை. இதை எழுதும்போதுகூட எனக்குக் கோபம்தான் வருகிறது.