கைப்பிடி மாறிய ரீல்

என் மேசைமேல் ஒரு தூண்டில் ரீல் இருக்கிறது. என்னுடையதுதான்; ஆனால் இப்போதைக்கு எனக்கு உதவாது. கைப்பிடி வலப்பக்கம் பொருத்தியிருக்கிறது. நான் வலக்கையால் தூண்டிலை வீசி, இடக்கையால் நைலான் நரம்பைச் சுற்றுகிறவன். ஒரு திருகைக் கழற்றிக் கைப்பிடியை மறுபக்கம் மாட்டினால் வேலை தீர்ந்தது. மாட்டவில்லை.

அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர் இடக்கைக்காரர். சதுரங்கப்பட்டினத்து மீன்பிடிக் குடும்பம். அண்ணனுக்குப் படகு உண்டு. இவர் மட்டும் படித்து உத்தியோகத்துக்கு வந்தவர். ஞாயிறுதோறும் என்னோடு செங்கல்பட்டு ஏரிக்கு வருவார். "கடலு வூட்டாண்ட கீது, இவன் பஸ் ஏறி ஏரிக்குப் போறான்" என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்வார். படகில் ஏறினால் தம்பிக்கு வாந்தி வரும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார். குடும்ப மானம்.

நான் ரீல் வாங்கியது ஆராய்ச்சி செய்து. இணையத்தில் கிடைத்த விமர்சனம் ஒன்றையும் விடாமல் படித்து, பத்து பேரிங் கொண்டதாக வாங்கினேன். இவ்வளவு விசாரணை எங்கள் கல்யாணத்துக்கு நடக்கவில்லை என்பது மனைவியின் குறை. பக்கத்து மேசைக்காரருடையதில் மூன்றே பேரிங்; கனம்; சுற்றினால் கரகரக்கும். "உன்னுது ஷோக்கா சுத்துது அண்ணாத்த. அது மீனுக்குத் தெரியணுமே" என்றார். எது மேல் என்று தீர்த்துவிட முடிவு செய்தோம். கைராசியை ஒழிக்க ஒரு விதி போட்டேன்: யாருக்கு மீன் விழுந்தாலும் உடனே ரீல்களை மாற்றிக்கொள்ள வேண்டும். விஞ்ஞான முறை என்று எனக்குப் பெருமை. ஒவ்வொரு தடவையும் இரண்டு கைப்பிடிகளையும் பக்கம் மாற்ற வேண்டியிருக்கும் என்பதும், எங்களுக்கு மீன் விழுவது பண்டிகை மாதிரி எப்போதாவதுதான் என்பதும் என் விஞ்ஞானத்துக்கு எட்டவில்லை. வருஷங்கள் போயின, முடிவு வரவில்லை.

கடைசி ஞாயிறு, அவருடைய ரீல் அவர் கையிலேயே இருந்தபோது, தூண்டிலில் மாட்டிய ரப்பர் தவளையை ஒரு விரால் கவ்வியது. கரையிலேயே மாற்றிக்கொண்டோம். அவருடையது என்னோடு வந்தது. என்னுடையது அவரோடு போனது. புதன்கிழமை காலை அவருக்கு மாரடைப்பு. சாவு வீட்டில் நான் அந்த மூன்று பேரிங்கைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். பஸ்தான் வந்தது.

காரியம் முடிந்தபின் அவர் மனைவி போன் செய்தார். அப்பாவின் ரீல் வேண்டும் என்று மகள் கேட்கிறாளாம். கொடுத்துவிட்டால் எங்கள் போட்டி முடிந்துவிடும்; கொடுக்காமலிருக்க நான் யார்? கைப்பிடியை அவர் பக்கத்துக்கு மாற்றி, துடைத்து, எடுத்துக்கொண்டு போனேன். என்னுடையதை அவர் மனைவி ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார்.

"செவ்வாக்கெயம சாயங்காலம் இத்தக் கயட்டி மாட்டிகினு இருந்தாருண்ணா. இந்த வாட்டி உங்க ரீலு ஜெயிக்கும்னாரு."

தலையாட்டினேன். வாசலில் அண்ணன் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். கிண்டல் எதுவும் இல்லை. "ஏரிக்குப் போறியா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அவர் மறுபடி வலையைப் பார்த்தார்.

இந்த ஞாயிறும் போகவில்லை. வீசுகிற கையாலேயே கைப்பிடியைச் சுற்றிப் பார்க்கிறேன். நன்றாக எண்ணெய் போட்டிருக்கிறார், சத்தமே இல்லை. திருகைத் தொடவில்லை. என்னுடையதுதான் மேல் என்று தோன்றுகிறது. மறுத்துப் பேச ஆளில்லை.