மொட்டை மாடிக் குளம்

வேங்கிக்காலில் உள்ள எங்கள் வீட்டு மொட்டை மாடியில், பள்ளிப் பாடத்துக்காக என் மகள் யாழினி ஒரு பிளாஸ்டிக் டப்பில் சின்னக் குளம் அமைத்திருந்தாள். கொஞ்சம் சேறு, ஆகாயத்தாமரை, தண்ணீர். சில நாட்களில் அதில் கொசுப்புழுக்கள் நெளிந்தன. கீழே என் கைக்குழந்தை. எங்கள் தெருவிலோ டெங்கு. பயந்துபோய் டப்பைச் சாய்க்கப் போனேன்.

“கொட்டிடாதம்மா. மலையில காடு, அந்தாண்ட ஏரி, அது மாதிரி இதுவும் ஒரு சூழ்நிலை மண்டலம். புழுவத் தின்னத்தான் இதுல ஆளில்ல.”

“பாப்பாவுக்கு ஜுரம் வந்தா உன் மண்டலமா பாத்துக்கும்?”

பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா சிரித்தார். “புள்ளைய ஏன் திட்ற? எங்க தொட்டியில கப்பி மீனு ஜாஸ்தியாயிடுச்சி, தரேன். தனியா தீனி வேணாம், உங்க வீட்டுக் கொசுவே போதும்.”

சாயங்காலம் வரை பார்ப்போம், இல்லையென்றால் கொட்டிவிடுவேன் என்று அரைமனதாகச் சம்மதித்தேன்.

மீன்களை விட்டதும் அவை இலைக்கடியில் பதுங்கின. பிறகு ஒன்று மெல்ல வெளியே வந்து, நெளிந்த புழுவை லபக்கென்று விழுங்கியது. அடுத்து இன்னொன்று. வெயிலையும் மறந்து உட்கார்ந்திருந்தேன். படிக்கிற காலத்தில் உணவுச் சங்கிலியை நானும் படம் வரைந்து மதிப்பெண் வாங்கியவள்தான். கண்ணால் பார்த்தது அன்றுதான்.

சாயங்காலம் தண்ணீரில் ஒரு புழுகூட இல்லை. யாழினியின் முகம் மட்டும் வாடியிருந்தது.

“நாளைக்கு இதுங்க என்னம்மா தின்னும்?”

குழந்தையைக் கொசுவலைக்குள் பத்திரமாகப் படுக்க வைத்துவிட்டு வந்தவள் நான். இருந்தும் அந்த நிமிடம், நாலு கொசு வந்து முட்டையிட்டால் தேவலை என்று நினைத்தேன்.